நோட்டுக்குக் குதிரை தெரியாதுங்க!

நடுவர் ஐயா அவர்களுக்கும், மழை வந்துருமோன்னு மானத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கற செவ்வாய்ப்பேட்டை ஜனங்களுக்கும் வணக்கமுங்க. குதிரை ரேஸ்ல கை கொடுக்கறது கணக்கு முறையா, சொந்தக் கணிப்பான்னு தலைப்பு. இப்பப் பேசிட்டுப் போன எதிரணி அண்ணன் என்ன சொன்னாரு, "ஃபேவரிட், அதாவது ஜெயிக்கும்னு எல்லாரும் நம்பற குதிரை மேலயே கட்டு, தோத்தா அடுத்த ரேஸ்ல டபுளா கட்டு, ஒருதடவ ஜெயிச்சாப் போதும் விட்டதெல்லாம் திரும்பி வந்துரும்"னாரு. நீங்களும் கை தட்டுனீங்க. எங்க பெரியப்பாவும் இப்படித்தான் தட்டுனாருங்க.

அவரு இதே பேட்டைல வெள்ளிக் கொலுசுப் பட்டறை வெச்சிருந்தவரு. கொலுச கையில வாங்கித் திருப்பிப் பாத்தாலே பத்தவெப்பு நின்னுருக்கா, விட்டுப்போகுமான்னு சொல்லிருவாரு. அப்பேர்ப்பட்ட கண்ணு! ஆனா ராத்திரி ரயிலேறி கிண்டிக்குப் போனா மட்டும் கண்ண மூடிக்குவாரு. ரேஸுக்கு முன்னாடி பேடாக்ல குதிரைங்கள சுத்தி நடக்க விடுவாங்க, எது துள்ளலா நடக்குது, எது இப்பவே வேர்த்துக் கொட்டுதுன்னு அங்க பாத்தாத் தெரியும். இவரு அந்தப் பக்கமே போகமாட்டாரு. ஒரு நோட்டு, நூறு, எரநூறு, நானூறுன்னு வரிசையா எழுதி வெச்சிருப்பாரு.

அந்த வரிசையப் போட்டுப் பாப்பமா? 100 ரூவால ஆரம்பிச்சு ஏழு ரேஸ் வரிசையாத் தோத்தா போனது 12,700, எட்டாவது ரேஸுக்குக் கட்ட வேண்டியது 12,800. சரி கட்டுறோம், ஜெயிக்குதுன்னே வெச்சுக்குவோம், கட்டுனதுக்கு ரெண்டு மடங்கு வந்தாத்தான் அந்த 100 ரூவா லாபம். ஆனா டோட்டுங்கற பந்தயக் கவுண்டர்ல எல்லாரும் கட்டுன பணத்த ஒண்ணாச் சேத்து, கிளப்பு கமிஷனும் வரியும் போக மிச்சத்தத்தான் பிரிக்கறாங்க, ஃபேவரிட்னா ஊரே அது மேல கட்டியிருக்கும், 10 ரூவாக்கு 15 ரூவா வந்தாலே பெருசு, அப்படிப் பாத்தா 12,800-க்கு 19,200 கைக்கு வரும், கையில லாபம் 6,400, முன்ன விட்டது 12,700, ஆக குதிரை ஜெயிச்சும் மனுசனுக்கு 6,300 நட்டம்! இதுக்குப் பேரு முறையாம்.

1974-ல தமிழ்நாட்டுல ரேஸ ஒழிக்க சட்டம் போட்டாங்க, கேஸ் இழுத்து இழுத்து 1996-ல சுப்ரீம் கோர்ட்ல வந்து நின்னுச்சு. இது வெறும் சூது இல்ல, திறமைதான் முக்கியம்னு தீர்ப்பு. எதை வெச்சு அப்படிச் சொன்னாங்க? குதிரையோட வேகம், தெம்பு, பழக்கின விதம், ஜாக்கியோட கைத்திறன். யாரு நோட்டுல டபுளா எழுதறாங்கன்னு பாத்துச் சொல்லலீங்களே!

ஊட்டில நடந்த ரேஸயே எடுத்துக்குங்க. கடல் மட்டத்துக்கிட்ட ஓடிப் பழகுன மெட்ராஸ் குதிரை 2,200 மீட்டருக்கு மேல போய் ஓடுனா மூச்சு எப்படி இருந்திருக்கும்? நம்ம சேலத்து ஆளு ஏற்காட்டுல படி ஏறுனாலே புஸ்ஸு புஸ்ஸுங்கறான், ஏற்காடு ஊட்டி ஒசரத்துல மூணுல ரெண்டு பங்குதான். முதுகுல எத்தன கிலோ ஏத்தியிருக்காங்க, நேத்து மழைல தரை இளகிக் கெடக்கா, எதுவும் அந்த நோட்டுக்குத் தெரியாது. ஏற்காடு ரோட்டுல 20 கொண்டை ஊசி இருக்குன்னு பஸ் டிரைவருக்குத் தெரியும், அதுக்காக எண்ணிக்கிட்டா திருப்பறாரு? எதுத்தாப்ல லாரி வருதான்னு பாத்துல்ல திருப்பறாரு.

கணிப்பு தோக்காதான்னா தோக்கும்ங்க, நெறையவே தோக்கும், பொய் சொல்லமாட்டேன். ஆனா கணிக்கறவன் பேடாக்க ஒரு சுத்து பாத்துட்டு, "இன்னிக்கு ஒண்ணும் சரியில்ல"ன்னு ஒரு டீயக் குடிச்சுட்டு சும்மா திரும்பலாம். நோட்டுக்காரன் திரும்ப முடியாது, தோத்த அன்னிக்குத்தான் இன்னும் கட்டணும்னு அவன் நோட்டே சொல்லுது.

அந்த நோட்டு இன்னும் இருக்குங்க, பின்பக்கம் காலியா இருந்துச்சுன்னு பெரியம்மா பால் கணக்கு எழுதிக்கிட்டிருக்கு. ஐயா மணியில கை வெச்சுட்டாரு, இதோ எறங்கறேன், எதிரணி அண்ணன் மறுபடி வரும்போது அந்த எட்டாவது ரேஸுக்கு 12,800 ரூவா எங்க பொரட்டறதுன்னு மட்டும் சொல்லட்டும்ங்க.