ரத வீதிகளின் மறுவாழ்வும் மாநகராட்சியின் கணக்கும்

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் வணிகப் பெருமக்களுக்கும் மாணவர்களுக்கும் என் வணக்கம். நெல்லை டவுனின் நான்கு ரத வீதிகளையும் அவற்றை ஒட்டிய சந்தைகளையும் புதுப்பிப்பது பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். இந்தப் பேச்சு நம் ஊரில் பெரும்பாலும் கட்டடத்தில் தொடங்கிக் கட்டடத்திலேயே முடிந்துவிடுகிறது. எது இடிக்கப்படும், எத்தனை மாடி எழும்பும், திறப்பு விழா எப்போது என்று கேட்கிறோம். திறப்பு விழாவுக்கு மறுநாளிலிருந்து அந்த இடம் யாருடைய பணத்தில், யாருடைய பொறுப்பில் நடக்கப்போகிறது என்பதையே நான் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

அரசமைப்புச் சட்டத்தின் 74ஆம் திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நகரத் திட்டமிடல், நிலப் பயன்பாட்டை முறைப்படுத்துதல், சாலை, குடிநீர் உள்ளிட்ட 18 பணிகளை 12ஆவது அட்டவணையில் குறித்து, அவற்றை நகர உள்ளாட்சிகளிடம் மாநிலங்கள் ஒப்படைக்கலாம் என்றது அந்தத் திருத்தம். அடுத்த ஆண்டே திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் ஆகியவை இணைந்து மாநகராட்சி உருவாயிற்று. பொறுப்புகள் பெருகிய வேகத்தில் வருவாய் பெருகவில்லை. சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை போன்றவையே மாமன்றம் தானாகத் திரட்டக்கூடியவை. மற்றவை மாநில நிதி ஆணையப் பகிர்வாகவும் மத்திய மானியமாகவும் மேலிருந்து வருபவை. மேலிருந்து வருவதிலும் எல்லாம் நம் கைக்கு விடப்படுவதில்லை. 15ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு நம்மைப் போன்ற நகரங்களுக்கு வகுத்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்குமே செலவிட வேண்டும் என்று விதித்திருந்தது. அந்த விதி நியாயமானதே. ஆனால் ரத வீதியின் நடைபாதைக்கு அந்த 60 சதவீதத்திலிருந்து எதுவும் மிஞ்சாது.

இந்த நிலையில்தான் 2017இல் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நெல்லைக்கு இடம் கிடைத்தது. ஒரு நகரத்துக்கு மத்திய அரசு 500 கோடி ரூபாய் வரை தரும், மாநிலத்தின் பக்கமிருந்தும் இணையான தொகை வரவேண்டும் என்பது அத்திட்டத்தின் ஏற்பாடு. பணத்தைச் செலவிடுவதற்கென்று தனி நிறுவனம் ஒன்று பதிவு செய்யப்பட வேண்டும் என்பதும் அதன் நிபந்தனை. இதுவரை நம் மாமன்றம் கண்டிராத பெருந்தொகை அது. சந்தைகளும் பேருந்து நிலையமும் புதிதாய் எழும்பின. 2025 மார்ச் 31 உடன் அந்தத் திட்டம் நிறைவடைந்துவிட்டது. கட்டுவதற்குப் பணம் தந்தவர்கள் தம் கடமையை முடித்துக்கொண்டார்கள். லிப்டுக்கும் மோட்டாருக்கும் கழிப்பறைக்கும் இரவுக் காவலுக்கும் ஆண்டுதோறும் பணம் தேட வேண்டியது இனி மாநகராட்சியின் வேலை.

மாடி வைத்துக் கட்டிய எந்தக் காய்கறிச் சந்தையிலும் நடப்பதைச் சற்று அருகில் சென்று பாருங்கள். விடிவதற்கு முன் லாரியிலிருந்து இறங்கும் மூட்டை தரைத்தளக் கடைக்குப் பத்தடி நடந்தால் போதும். மேல்தளக் கடைக்கு ஏற்ற வேண்டுமானால் சுமை தூக்குபவருக்கு ஏற்றுக்கூலி தனி. அந்தக் கூலியை விலையில் ஏற்றினால் வாங்க வருபவர் கீழேயே வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஏற்றாவிட்டால் கடைக்காரருக்குக் கட்டுபடியாகாது. சில மாதங்களில் மேல்தளத்தில் கடைகளை மூடத் தொடங்குவார்கள். வாடகை பாக்கி விழும். அந்த வாடகையை நம்பித்தான் பராமரிப்புக் கணக்கு எழுதப்பட்டிருக்கும். பிறகு லிப்டு பழுதானால் சரிசெய்யப் பணம் இராது; லிப்டு ஓடாததால் மேலும் இரண்டு கடைகள் மூடப்படும். சரக்கு எந்த வழியாக வருகிறது, எந்த நேரத்தில் இறங்குகிறது, யார் தூக்குகிறார்கள் என்று வரைபடம் போடுவதற்கு முன் கேட்டிருந்தால், துணிக்கடைக்கும் தையற்கடைக்கும் மேல்தளத்தை ஒதுக்கிக் காய்கறியைத் தரையிலேயே வைத்திருக்கலாம்.

கடைகளை ஏலம் விடும் முறையும் இதனோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியது. பழைய கட்டடம் இடிக்கப்படும்போது அங்கே தலைமுறையாக வியாபாரம் செய்தவர் தற்காலிகக் கொட்டகைக்கு அனுப்பப்படுகிறார். வேலை முடிய ஆண்டுகள் ஆகின்றன; வாடிக்கை கலைந்துபோகிறது. புதிய கட்டடம் திறக்கும்போது வைப்புத்தொகையும் வாடகையும் அவர் எட்டாத உயரத்தில் நிற்கின்றன. ஏலத்தில் அதிகம் கேட்பவருக்கே கடை என்றால் மாநகராட்சிக்கு முதல் ஆண்டில் வருவாய் கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஊர் மக்கள் அந்தச் சந்தைக்கு வந்துகொண்டிருந்தது அங்கே இருந்த வியாபாரிகளுக்காகத்தான். அவர்களை இழந்த சந்தைக்கு வாடகை கட்டுபவரும் நாளடைவில் கிடைக்கமாட்டார். ஆகவே பழைய வாடகைதாரர் திரும்பி வரும் உரிமையும் வாடகை படிப்படியாக உயரும் விதமும் இடிப்பதற்கு முன்பே மாமன்றத் தீர்மானத்தில் எழுதப்பட வேண்டும்.

வாகையடி முக்கிலும் சந்திப்பிள்ளையார் முக்கிலும் கூடை வைத்து விற்பவர்களுக்குச் சட்டமே துணை நிற்கிறது. சாலையோர வியாபாரிகள் பற்றிய 2014ஆம் ஆண்டுச் சட்டம், கணக்கெடுப்பு முடியும் வரை அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. சாலையோர வியாபாரம் பற்றிய முடிவுகளுக்கென்று அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடங்கள் அவர்களுடைய பிரதிநிதிகளுக்கு உரியவை. முதல் பஸ்ஸில் கீரைக்கட்டோடு வந்திறங்கும் தாய்க்கு அந்த முக்கில் நாலடி இடம் வரைபடத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 நாட்களின் பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது ஜங்ஷன், மீனாட்சிபுரம், கைலாசபுரம் பகுதிகள் எப்படி மூழ்கின என்பதை நீங்கள் கண்ணால் கண்டவர்கள். சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லை கால்வாயும் நயினார் குளமும் டவுனின் வடிகால் அமைப்போடு பிணைந்தவை. கால்வாயில் குப்பை அடைத்திருக்க, வீதியில் கல் பாவுவதற்கு மட்டும் நிதி ஒதுக்கினால், அந்தக் கல் அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குத் தாங்காது. வீதிச் சீரமைப்பு மதிப்பீட்டிலேயே கால்வாய் தூர்வாரலையும் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்ற குறையைப் பலரும் சொல்கிறார்கள். ஆனால் ஆனித் தேரோட்டம் நெருங்கும்போது இதே வீதிகளில் என்ன நடக்கிறது? மாநகராட்சி பள்ளங்களை நிரப்புகிறது. மின்வாரியம் கம்பிகளைக் கவனிக்கிறது. காவல்துறை போக்குவரத்தை மாற்றுகிறது. கடைக்காரர்கள் தாங்களே முன்கூரையைக் கழற்றி வைக்கிறார்கள். தேதி குறித்தாகிவிட்டது, தேர் நகர வேண்டும் என்பதால் எல்லோரும் ஒத்துழைக்கிறார்கள். அந்த ஒத்துழைப்பை ஆண்டுக்கு ஒரு வாரத்தோடு நிறுத்தாமல், மாதம் ஒருமுறை கூடும் வீதிக் குழுவாக நிலைநிறுத்த முடியும் என்று நம்புகிறேன்.

அப்படிப்பட்ட குழுவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? கனடாவின் டொரண்டோ நகரில் 1970இல் புளூர் வெஸ்ட் வில்லேஜ் என்ற கடைத்தெரு ஒரு வழி கண்டது. வணிகர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு கூடுதல் வரியை விதித்துக்கொண்டார்கள். அதை நகராட்சி வசூலித்து அந்தத் தெருவுக்கென்றே திருப்பித் தந்தது. அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. 2022இல் உயர்ந்த சொத்து வரியே இங்குள்ள சிறு கடைகளுக்குச் சுமை. ஆனால் அதிலுள்ள ஒரு கூறு நமக்குப் பொருந்தும்: ரத வீதிகளிலிருந்தும் சந்தைகளிலிருந்தும் வரும் வாடகையில் ஒரு குறிப்பிட்ட பங்கைத் தனிக் கணக்குத் தலைப்பில் வைத்து, அங்கேயே செலவிட்டு, வரவையும் செலவையும் சந்தை வாசலில் பலகையில் எழுதி வைக்கலாம். 1843இல் தாமிரபரணிக்குப் பாலம் எழுந்தபோது சுலோசன முதலியார் தம் சொந்தச் செல்வத்தை அள்ளிக் கொடுத்தார். அப்படியொருவரை எதிர்பார்த்து நாம் காத்திருக்கத் தேவையில்லை. கட்டிய வரி தம் தெருவுக்கு வருவதைக் கண்டால் வணிகர்கள் மனமுவந்து கட்டுவார்கள்.

இவற்றைக் கேட்பதற்குரிய இடங்கள் இருக்கின்றன. வார்டு குழுக்களுக்கும், வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைகளுக்கும் 2022இலேயே விதிகள் வந்துவிட்டன. நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன்படி தயாராகும் திட்டங்களின் வரைவு வெளியிடப்படும்போது ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும் எழுத்து மூலம் பெறப்பட வேண்டும். வரும் பகுதி சபைக்குத் தனித்தனியே போகாமல் வீதிவாரியாகச் சேர்ந்து செல்லுங்கள். கடையின் கதவு எண், இன்றைய வாடகை, சரக்கு இறங்கும் நேரம், மழையில் தண்ணீர் நிற்கும் உயரம், இரு பக்கமும் கூடை வைப்பவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, மாமன்ற உறுப்பினரிடம் ஒரு பிரதியும் ஆணையர் அலுவலகத்தில் ஒரு பிரதியும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவுத் திட்டம் மாமன்றத்தின் முன் வைக்கப்படுவதற்கு முன்பாகவே அந்தத் தாள்கள் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.