வெயிட் தூக்கினால் உயரம் நின்றுவிடுமா?

வணக்கம். ஒரு நிமிடம், மைக்கைச் சரிசெய்துகொள்கிறேன்... சரி. இன்றைக்குப் பேசப்போவது 15 வயதில் என் தூக்கத்தைக் கெடுத்த ஒரு விஷயம்.

அப்போது என் கையில் ஒரு ஜோடி டம்பெல் கிடைத்தது. பார்த்த பெரியவர்கள் எல்லாருக்கும் ஒரே பாட்டுதான்: "இந்த வயசில் வெயிட் தூக்காதே, குள்ளமாகவே நின்றுவிடுவாய்." நான் சும்மா இருப்பேனா? கதவு நிலையில் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தேன். காலையில் எழுந்ததும் ஒரு கோடு, சாயங்காலம் டம்பெல் தூக்கி முடித்ததும் ஒரு கோடு. சாயங்காலக் கோடு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கீழே இருந்தது! போச்சு, அவர்கள் சொன்னது நிஜம்தான் என்று டம்பெல்லைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

நான் செய்யாத ஒரு வேலை என்னவென்றால், டம்பெல்லைத் தொடாத நாளிலும் அளந்து பார்ப்பது. பார்த்திருந்தால் அன்றைக்கும் கோடு இறங்கித்தான் இருக்கும். முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்குகள் நாள் முழுக்க உடம்பின் பாரத்தைத் தாங்கி, கொஞ்சம் நீரை இழந்து தட்டையாகின்றன. இரவு படுத்தால் மறுபடி ஊறிக்கொள்கின்றன. அதனால் எல்லாருமே சாயங்காலத்தில் 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை குறைவுதான். விண்வெளிக்குப் போகிறவர்கள் அங்கே சில சென்டிமீட்டர் நீண்டு, பூமிக்கு வந்ததும் பழைய உயரத்துக்குத் திரும்புவதும் இதே கணக்குதான்.

நிஜமான வளர்ச்சி நடக்கும் இடம் வேறு. கை கால் எலும்புகளின் முனைக்குப் பக்கத்தில் குருத்தெலும்பால் ஆன ஒரு பகுதி இருக்கிறது. வளர்ச்சித் தட்டு என்பார்கள். அங்கே செல்கள் பெருகிப் பெருகி எலும்பாக மாறுவதால்தான் நாம் நீளுகிறோம். பெண்களுக்கு ஏறக்குறைய 14 முதல் 16 வயதுக்குள்ளும், ஆண்களுக்கு 16 முதல் 18 வயதுக்குள்ளும் இது மூடிக்கொள்ளும். மூடுவது ஹார்மோன். ஆண்களுக்கும் இதில் முக்கிய வேலை, பெண் ஹார்மோன் என்று சொல்லப்படும் ஈஸ்ட்ரோஜனுக்குத்தான் என்று படித்தபோது நானே நம்பவில்லை.

அப்படியென்றால் பாரம் இந்தத் தட்டை நசுக்காதா? யோசித்துப் பாருங்கள். ஓடிப்போய் எம்பிக் குதித்து இறங்கும்போது காலில் விழும் விசை உங்கள் எடையைப் போலப் பல மடங்கு. குதிக்காதே, குள்ளமாகிவிடுவாய் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

"பளுதூக்குகிறவர்கள் எல்லாம் குட்டையாக இருக்கிறார்களே" என்பார்கள். துருக்கி வீரர் நயிம் சுலைமானோக்லு 147 சென்டிமீட்டர்தான். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் 190 கிலோவைத் தலைக்கு மேலே தூக்கினார். அதே விளையாட்டில் ஜார்ஜியா வீரர் லாஷா தலகாட்ஸே 197 சென்டிமீட்டர், மூன்று ஒலிம்பிக் தங்கம். எடை குறைந்த பிரிவுகளில் கை கால் குட்டையாக இருப்பது வசதி, அதனால் அப்படிப்பட்டவர்கள் அங்கே ஜெயிக்கிறார்கள். கூடைப்பந்து ஆடினால் உயரமாகலாம் என்பதும் இதே குழப்பத்தின் மறுபக்கம்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2020-இல் வெளியிட்ட அறிக்கையும், சரியான மேற்பார்வையில் செய்யும் எடைப் பயிற்சி பிள்ளைகளின் உயரத்தைக் குறைப்பதில்லை என்றே சொல்கிறது.

ஆனால் பயமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வளர்ச்சித் தட்டு எலும்பைவிடப் பலவீனமானது. அதில் முறிவு வந்து கவனிக்காமல் விட்டால் அந்த எலும்பின் வளர்ச்சி கெடலாம். யாரும் பக்கத்தில் இல்லாமல், நண்பனுக்குக் காட்டுவதற்காக முதுகை வளைத்து டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரத்தைத் தூக்கி நிமிர்வது) செய்கிறீர்களே, ஆபத்து அங்கேதான். தனியாகச் செய்யும்போது டம்பெல்லைக் காலில் போட்டுக்கொள்வதும் சாதாரணமாக நடக்கிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து ஸ்டீராய்டு, அதாவது தசையை ஏற்றுவதற்காக எடுக்கும் செயற்கை ஆண் ஹார்மோன். "சீக்கிரம் உடம்பு ஏறும்" என்று ஊசியோ மாத்திரையோ யாராவது நீட்டினால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அந்த ஹார்மோனின் ஒரு பங்கு உடம்புக்குள்ளேயே ஈஸ்ட்ரோஜனாக மாறி, தட்டுகளைச் சீக்கிரமே மூடிவிடும். மூடியதைத் திறக்க வழி கிடையாது. ஜிம்முக்குப் போய் உயரம் நின்றவன் என்று ஒருவனைக் காட்டினால், நான் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

நானோ பயந்துபோய் 4 வருடம் எதையும் தூக்கவில்லை. கடைசியில் வந்து நின்றது அப்பாவின் உயரத்தில், அச்சு அசலாக! ஆளுக்கு ஆள் உயரத்தில் இருக்கும் வித்தியாசத்தில் சுமார் 80 சதவீதத்தை மரபணுக்களே முடிவு செய்கின்றன. மீதியில்தான் சாப்பாடும் உடல்நலமும் வருகின்றன.

ஆரம்பிப்பவர்கள் வாரத்துக்கு 2 அல்லது 3 நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டுச் செய்யுங்கள். ஃபார்ம், அதாவது உடம்பை வைத்துக்கொள்ளும் சரியான முறை, கலையாமல் தொடர்ந்து 10, 15 ரெப்ஸ் (தடவை) தூக்க வருகிற எடை போதும். "அதிகபட்சம் எவ்வளவு தூக்குவாய்" என்ற போட்டியெல்லாம் வளர்ச்சி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். மூட்டுப் பக்கம் வலித்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். வளர்ச்சி பற்றியே சந்தேகம் இருந்தாலும் அவரைத்தான் கேட்க வேண்டும். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பின் வயதைப் பார்த்துச் சொல்வார்.

உயரம் அளக்க ஆசையா? மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அதுவும் காலையில். அடுத்த வீடியோவில் ஸ்குவாட், அதாவது உட்கார்ந்து எழும் பயிற்சியின் ஃபார்ம் பார்க்கலாம். எடை எதுவும் வேண்டாம், நீளமாக ஒரு கம்பு மட்டும் எடுத்து வையுங்கள்.