மேலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சை

நேயர்களுக்கு வணக்கம். நம் ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகம் வானத்தை அண்ணாந்து பார்க்கிறது. நான் பேச வந்திருப்பது, வானத்திலிருந்து நம்மைக் குனிந்து பார்க்கும் செயற்கைக்கோள்களைப் பற்றி. 1972-இல் அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் போனது, நம் ஐ.ஆர்.எஸ். 1ஏ 1988-இல்.

பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிடும்; கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பிவிடும். இரண்டுக்கும் இடைவெளி கூடினால் செழிப்பு, குறைந்தால் வாட்டம். இந்த இடைவெளியை எண்ணாக்கிச் சொல்வதுதான் தாவரக் குறியீடு. சிவப்பை விழுங்கும், அகச்சிவப்பை அனுப்பும்: இது நினைவிருந்தால் போதும்.

2000-க்குப் பிறகு உலகின் இலைப்பரப்பு கூடியதில் சீனாவும் இந்தியாவும் முன்னணி என்று 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. "காடு பெருகிவிட்டதே!" என்று நண்பர்கள் மகிழ்ந்தார்கள். எங்கே பெருகியது? இந்தியாவில் கூடியதில் 82 சதவீதம் பயிர் நிலம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் நட்டால் மேலிருந்து பச்சைதான். அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதை, வட ஆற்காட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

இன்னொரு பச்சை இருக்கிறது. வேலிகாத்தான், அதாவது சீமைக் கருவேலம். இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் வீட்டில் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் வானொலியை நிறுத்திவிடாதீர்கள். மழை பொய்த்த ஆண்டில் மானாவாரி வேர்க்கடலை கருகிக் கிடக்கும். பாலாற்றுக்குள்ளும் வற்றிய ஏரிக்குள்ளும் வேலிகாத்தான் ஆழத்தில் வேர்விட்டுத் தளதளவென்று நிற்கும். குறியீடு அதையும் செழிப்பு என்றே கணக்கில் எழுதும். எவ்வளவு பச்சை என்று அது சொல்கிறது. எந்தப் பச்சை என்று ஊர்க்காரரைத்தான் கேட்க வேண்டும்.

நாசா கோள்களில் உள்ள மோடிஸ் கருவிக்குப் படத்தில் ஒரு புள்ளி என்பது 250 மீட்டர் சதுரம், சுமார் 15 ஏக்கர். நம் பக்கத்தில் அதற்குள் நெல், கரும்பு, தென்னந்தோப்பு, செங்கல் சூளை எல்லாம் அடங்கிவிடும்! ஐரோப்பாவின் சென்டினல்-2 கோளுக்கு 10 மீட்டர் சதுரம், அதாவது இரண்டரை சென்ட். இப்போது வரப்பே தெரிகிறது. ஆனாலும் பழைய மோடிஸை நான் விடமாட்டேன். பருவநிலை மாறுகிறதா என்று பார்க்க, இதே மாதம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எப்படி இருந்தது என்ற கணக்கு அதனிடம் இருக்கிறது. காற்றில் கரியமிலவாயு கூடுவதாலும் இலை பெருகுகிறது. அதைத் தனியாகப் பேச எண்ணியிருந்தேன்.

கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைத்துவிட்டால்? அதற்கு ரேடார் இருக்கிறது. அது மேகத்தை ஊடுருவி, நாற்று நட்ட வயலின் தண்ணீரையும் பயிரின் வளர்ச்சியையும் உணரும். வணக்கம்.