எந்தக் கடைன்னு சொல்ல மாட்டேன்

வணக்கம் மக்களே. எங்கன நிக்கேன்னு நெல்லைக்காரங்களுக்குப் பின்னாடி பாத்தாலே தெரிஞ்சிரும். வாய்க்கா, வயலு, அந்தால பொதிகை மலை. சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவுல ஒரு ஊரு, அவ்வளவுதான் சொல்லுவேன். ஊர் பேரு, கடை பேரு ரெண்டும் வரக்கூடாதுன்னு சாப்பாட்டுக் கடை அண்ணாச்சி கறாராச் சொல்லிட்டாரு. "சாப்பிடுத ஆளு மூஞ்சி ஒண்ணுகூட வரப்படாது. அடுப்பங்கரைய எடு, அரிசிய எடு, என்னைய விட்டுரு"ன்னாரு. அதனால இன்னைக்கு வீடியோவுல குண்டானையும் கரண்டியையும்தான் பாக்கப் போறீங்க. ஒரு நிமிஷம், பஸ்ஸு போயிரட்டும்.

சரி. மதியச் சாப்பாடு மட்டும் போடுத சின்ன மெஸ்ஸு. இந்த ஊர்ல வீட்டுக்கு வீடு பிள்ளைக வெளியூர்லதான். சென்னையில மளிகைக் கடை, பம்பாயில வேலை, சில பேரு வளைகுடா. இங்க இருக்கது வயசான ஆட்கள். ஒத்தையில இருக்க ஒரு ஆச்சி தனக்குன்னு உலை வைப்பாங்களா? காலையில ஒரு டீ, மதியம் பழையது, முடிஞ்சு போச்சு. அப்படிப்பட்ட பதினஞ்சு பேரு தினமும் இந்தக் கடையில சாப்பிடுதாங்க. காசு கிடையாது.

இலவசமா சோறு போடுத ஆளுகளை நாமளும் நிறைய வீடியோவுல பாத்திருக்கோம்லா. இவருகிட்ட எனக்குப் பிடிச்சது சோறு போடுததை விட, போடுத விதம். கல்லாவுக்குப் பக்கத்துல நீளமா ஒரு பற்று நோட்டு கிடக்கு. வாத்தியாருங்க, பேங்க்ல வேலை பாக்குறவங்க, பஸ் டிரைவருன்னு மாசக் கணக்கு வச்சிருக்கவங்களுக்கு ஆளுக்கு ஒரு பக்கம். ஆச்சி, தாத்தாமாருக்கும் அதே நோட்டுலதான் பக்கம். சாப்பிட்டு முடிச்சதும் "எழுதிக்கோ தம்பி"ன்னுட்டு எந்திரிச்சுப் போவாங்க. வாத்தியாரும் அதைத்தான் சொல்லுதாரு, ஆச்சியும் அதைத்தான் சொல்லுதாங்க. மாசக் கடைசியில வசூலான பக்கத்துல குறுக்க ஒரு கோடு இழுப்பாரு. வசூலாகாத பக்கத்துலயும் அதே கோடுதான். யாரு காசு குடுத்தா, யாரு குடுக்கலன்னு இலை போடுத பையனுக்கே தெரியாது.

முதியோர் பென்ஷன் வந்த அன்னைக்கு ஒரு ஆச்சி நூறு ரூபா நோட்டை மடிச்சு எடுத்துட்டு வருவாங்களாம். 2023-ல தான் அந்தப் பென்ஷன் 1,000-ல இருந்து 1,200 ஆச்சு. அதுல நூறு. அண்ணாச்சி மறுக்காம வாங்கி, வரவு எழுதி, கல்லாவுல போட்டுக்கிடுவாரு. "ஏன் அண்ணாச்சி, வாங்காம விடலாம்லா?"ன்னேன். "வாங்கலன்னு வையி, நாளைக்கு இந்தப் பக்கம் வரமாட்டாவ"ன்னாரு. அதுக்கு மேல நான் என்ன கேக்க?

இன்னொண்ணும் கேட்டேன். இப்படி நோட்டைத் திறந்து வச்சா, வசதியுள்ள ஆளு எவனாவது ஏமாத்தமாட்டானா? "இருக்கான். ரெண்டு பேரு. அவனுவளுக்கு நான் கண்டுக்கிடலன்னு நினைப்பு. சாப்பிட்டுட்டுப் போறான், விடு"ன்னு சிரிக்காரு.

கட்டுபடியாகுதான்னு கேப்பீங்க. கல்லாவுல உக்காந்து அவரே கணக்கு சொன்னாரு. ஒரு சாப்பாடு 80 ரூபா. அதுல அரிசி, பருப்பு, காய், எண்ணெய், இலை எல்லாம் சேத்தாலும் பாதிகூட வராது. மீதி வாடகை, கரண்டு, கேஸு, ஆள் சம்பளம். பதினஞ்சு பேரு கூட வந்தா வாடகை கூடுமா? மாஸ்டர் சம்பளம் கூடுமா? நூறு பேருக்கு வைக்கிற உலையில இன்னும் ரெண்டு கிலோ அரிசி, அவ்வளவுதான். அரிசியும் பக்கத்து வயக்காட்டுக்காரங்ககிட்ட நேரா வாங்குதாரு. அம்பை 16, நம்ம அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்துல உருவான ரகம், குண்டரிசி. வெளியூர்க்காரங்க பாத்தா இட்லி அரிசியான்னு கேப்பாங்க. நமக்குச் சோறுன்னா அதுதான சோறு?

இன்னைக்கு சனிக்கிழமை. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். வாசனை உங்களுக்கு வராது, மன்னிச்சிருங்க. தொலியோட இருக்க கறுப்பு உளுந்தை வறுத்து உடைச்சு, அரிசியோட வெந்தயம், பூண்டு, தேங்காப்பூ போட்டு வேக விடுதாங்க. இந்தா பாருங்க, மாஸ்டர் பெரிய குண்டான்ல இருந்து கொஞ்சத்தைத் தனியா எடுத்து, வெந்நி ஊத்தி, கரண்டியால மசிச்சு வைக்காரு. அது பல்லு இல்லாதவங்களுக்கு. அதுக்குன்னு தனித் தூக்கு. அதை யாரும் சொல்லல, நான் கேமராவை அந்தப் பக்கம் திருப்பினப்பதான் தெரிஞ்சுது.

அப்புறம் அந்த மழை. 2023 டிசம்பர் 17, 18, மறக்க முடியுமா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல மாட்டி, ரயிலுக்குள்ள கிட்டத்தட்ட 800 பேரு. பக்கத்துல புதுக்குடி ஊர்க்காரங்கதான் அவங்களுக்குச் சோறாக்கிப் போட்டாங்க. ஆத்துல வெள்ளம் ரெண்டு கரையும் தாண்டிப் போகுது, இங்க கரண்டு கிடையாது, போன் கிடையாது. கிரைண்டர் ஓடாதுன்னா இட்லிக்கு வழியில்ல. அண்ணாச்சி ரெண்டு நாளும் புளிச்சோறுதான் கிண்டினாராம். "சாம்பார் சாதம் போட்டிருக்கலாம்லா?"ன்னு கேட்டேன், ஒரு பார்வை பாத்தாரு. நம்ம ஊர்க் குழம்புக்குத் தேங்கா அரைச்சு ஊத்தணும். ஊத்துனா சாயங்காலம் தாண்டாது, கெட்டுரும். பொட்டலம் யாரு கைக்கு எப்பப் போய்ச் சேரும்னு யாருக்குத் தெரியும்? நல்லெண்ணெய் தாராளமா ஊத்தின புளிச்சோறுன்னா மறுநாளும் தாங்கும். டிராக்டர்ல ஏத்தி ஆத்தங்கரைத் தெருக்களுக்கு அனுப்பியிருக்காரு. அந்த ரெண்டு நாள் கணக்கு மட்டும் எந்த நோட்டுலயும் இல்லையாம்.

சேரன்மகாதேவி ரயில்வே கேட்டுல மாடு மேய்ச்ச பையன்கிட்ட, ஏன் பள்ளிக்கூடம் போகலன்னு காமராஜர் கேட்டதாவும், சோறு யாரு போடுவான்னு அவன் திருப்பிக் கேட்டதாவும் இந்தப் பக்கம் ஒரு கதை சொல்லுவாங்க. அதை இவருகிட்ட எடுத்துவிட்டு, "நீங்களும் அந்த வழிதான் அண்ணாச்சி"ன்னு கொஞ்சம் ஐஸ் வச்சுப் பாத்தேன். "யார யார்கூடச் சேக்க? எந்திரி, பந்திக்கு நேரமாச்சு"ன்னு விரட்டிட்டாரு.

அண்ணாச்சிக்கு ஜீபே நம்பர் குடுங்கன்னு கேக்காதீங்க. ஒரு ஆளு மாசாமாசம் அரிசி தாரேன், வாசல்ல என் பேரு போட்டு ஒரு போர்டு வைங்கன்னாராம். போர்டு வச்சா ஆச்சிமாரு உள்ள வருவாங்களான்னு கேட்டு அனுப்பிட்டாரு. உங்களுக்கு ஏதாவது செய்யணும்னு தோணுச்சுன்னா, அம்பாசமுத்திரம் ரோட்டுல வரும்போது மதியம் ஏதாவது ஒரு சின்ன மெஸ்ஸுல உக்காந்து, காசு குடுத்துச் சாப்பிடுங்க. நானும் பசியோடதான் நிக்கேன், துவையல் தீந்துரும். அடுத்த வீடியோ பத்தமடைப் பாய். வரட்டா மக்களே.