கைகொடுக்க வேண்டியது முதலில் பெற்றோருக்கே

நடுவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, பீடி சுற்றும் சுளகை, அதாவது முறத்தை, ஓரமாக வைத்துவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

சிறு குழந்தைகளின் மனமும் பிறரோடு பழகும் பாங்கும் நன்றாக வளர, நாம் முதலில் உதவ வேண்டியது குழந்தைகளுக்கா, பெற்றோருக்கா என்பது இன்றைய வழக்கு. பெற்றோருக்கே என்று வழக்காட வந்திருக்கிறேன். வளர்ந்துவிட்டவர்களைத் திருத்துவது நடக்காத காரியம் என்றும், இருக்கும் பணத்தையும் ஆளையும் நேராகக் குழந்தையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால் வீட்டில் கிடைக்காததைப் பள்ளி கொடுத்துவிடும் என்றும் எதிரணித் தலைவர் சற்றுமுன் முழங்கினார். அவர் ஆசிரியர், நானும் ஒன்றாம் வகுப்பு ஆசிரியைதான். ஆகவே பள்ளியின் பெருமையை அவரிடமிருந்து நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, அதன் வரம்பும் எனக்குத் தெரியும். என் வகுப்புக்கு வரும் குழந்தைக்கு ஐந்து வயது நிறைந்திருக்கிறது. அழுதால் யாராவது வருவார்களா, கோபம் வந்தால் கையை ஓங்குவதா வாயைத் திறப்பதா, பயந்தால் யார் மடிக்கு ஓடுவது என்ற பாடங்களை எல்லாம் அது வீட்டிலேயே படித்து முடித்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறது.

இந்தப் பாடம் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் 1970களில் ஓர் எளிய சோதனையால் காட்டினார். சில மாதக் குழந்தையோடு தாய் கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு ஆய்வாளர் சொன்னபடி, சில நிமிடங்கள் மட்டும், முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, கத்துகிறது. ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்ந்துவிடுகிறது. தாய் மீண்டும் சிரித்ததும், கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு, மெல்ல அவளிடம் திரும்புகிறது. நடுவர் அவர்களே, இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எந்தத் தாயாலும் எந்நேரமும் பிள்ளையோடு இசைந்திருக்க முடியாது. அறுந்த இழையை மறுபடி முடிச்சுப் போடுவதில்தான் பிள்ளையின் மனம் உறுதிப்படுகிறது என்பதே டிரானிக் தம் ஆய்வுகளில் வலியுறுத்திய கருத்து.

இப்போது சலனமற்ற அந்த முகத்தை, பீடி சுற்றும் நம் நெல்லை மாவட்டத்து முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்துப் பாருங்கள். மடியில் சுளகு, அதில் இலை, தூள், நூல். ஆயிரம் பீடி சுற்றி நேரத்துக்குக் கடையில் கொடுத்தால்தான் கூலி. அவள் கண் இலையில் இருக்கிறது, பிள்ளை அவள் முகத்தைத் தேடுகிறது. அவளுக்குப் பிள்ளைமேல் அன்பு குறைவு என்று சொல்ல இந்த மன்றத்தில் யாருக்கேனும் துணிவு உண்டா? என்னைப் பெற்றவளும் பீடி சுற்றியவள்தான். மாதச் சம்பளம் வாங்கும் நான் மட்டும் என்ன செய்தேன்? என் மகளுக்கு இரண்டு வயதானபோது ஒரு கையில் சோற்றுக் கிண்ணமும் மறு கையில் அலைபேசியும் வைத்துக்கொண்டுதான் ஊட்டினேன். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. பிள்ளைக்குத்தான் அந்தக் கணக்கு. ஊட்டுகிறவளின் கையில் இருக்கும் திரைக்கு யார் கணக்கு வைப்பது?

எதிரணியினர் ஒரு கேள்வியைப் பெரிதாகக் கேட்டார்கள்: நம் ஆச்சிமார்களுக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்? பிள்ளைகள் வளரவில்லையா? வளர்ந்தார்கள். எப்படி வளர்ந்தார்கள் என்று பாருங்கள். குளிப்பாட்ட ஆச்சி, தூக்க மதினி, வேடிக்கை காட்ட அடுத்த வீட்டுச் சித்தி. பெற்றோருக்கு உதவி என்ற பெயர்ப்பலகை இல்லாமலே உதவி அன்று வீட்டைச் சுற்றி நின்றது. நம் பிள்ளைத்தமிழைப் பாருங்கள்: செங்கீரை ஆடச் சொல்வதும், தாலாட்டுவதும், சப்பாணி கொட்டச் சொல்வதும், முத்தம் கேட்பதும், வா என்று அழைப்பதும், நிலவை விளையாடக் கூப்பிடுவதும், எல்லாமே பிள்ளையின் முகம் பார்த்துப் பேசிப் பதிலுக்குக் காத்திருக்கும் செயல்கள் அல்லவா? அந்தப் பாங்கைப் பார்த்துப் பழக ஆள் இருந்தது. இன்று ஆச்சி ஊரில், மகன் சென்னையில், மருமகன் வளைகுடாவில். ஆச்சி காலம் முழுவதும் பொற்காலம் என்றும் நான் சொல்ல மாட்டேன். பூச்சாண்டி வருகிறான் என்று மிரட்டியதும், "ஆம்பளப்பிள்ள அழலாமாலே" என்று அழுகையை அடக்கியதும், "அப்பா வரட்டும், சொல்லுதேன்" என்று வீட்டுக்கு வரும் தகப்பனைப் போலீஸ்காரர் ஆக்கியதும் அந்தக் காலம்தான்.

பெற்றோரை மாற்ற முடியாது என்பதற்கு விடையாக, கரீபியக் கடலில் உள்ள ஜமைக்காவைப் பாருங்கள். 1980களின் நடுவில், கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகள் போனார். கையோடு கொண்டுபோனவை வீட்டில் கழிந்த பொருள்களால் செய்த விளையாட்டுச் சாமான்கள். நம் ஊராக இருந்தால் சிரட்டையும் பனையோலைக் கிலுகிலுப்பையும் நுங்கு வண்டியும் போதும். பிள்ளையோடு விளையாடிவிட்டு வந்துவிடுவது அந்தப் பணியாளரின் வேலை அல்ல. தாய் பிள்ளையோடு விளையாடவும் பேசவும் அவளுக்குத் தெம்பு கொடுப்பதே வேலை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அப்படிப் பணியாளர் வீடு தேடி வந்த குழந்தைகள், வராத குழந்தைகளைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள்.

நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் ஆறு சேவைகளில் ஒன்று, பெண்களுக்கான சத்துணவு, உடல்நலக் கல்வி. ஆனால் பிள்ளையின் எடை என்ன என்று கேட்கப் பழகிய நாம், பிள்ளை எதற்கு ஏங்குகிறது என்று கேட்கப் பழகவில்லை. ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை என்றும், பெற்றவர்கள் திருச்செந்தூர் முருகனிடம் தூக்கிக்கொண்டு போனார்கள் என்றும் சொல்வார்கள். அவர்களுக்குப் போக ஓர் இடம் தெரிந்திருந்தது. இன்று இரண்டரை வயதுப் பிள்ளை பேசவில்லை என்றால் "அவன் அப்பனும் பிந்தித்தான் பேசினான்" என்று சொல்லி ஆண்டுகளைக் கடத்துகிறோம். வளர்ச்சி பிந்தும் குழந்தைகளைப் பார்த்து உதவும் அரசின் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்குப் போகலாம் என்பதை அந்தத் தாயிடம் யாரும் சொல்வதில்லை.

கடைசியாக, என் குற்றம் ஒன்றை இந்த மன்றத்தில் ஒப்புக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு சிறுவன் பக்கத்துப் பிள்ளைகளைக் கடித்துக்கொண்டிருந்தான். அவன் தாயை வரவழைத்து, மற்றப் பெற்றோர் காதில் விழும்படியே, பிள்ளை வளர்ப்பது எப்படி என்று நீண்ட நேரம் பாடம் எடுத்தேன். மறுநாள் முதல் ஒரு வாரம் பையன் பள்ளிக்கே வரவில்லை. எதிரணியினர் பரிந்துரைக்கும் பள்ளி அந்த வாரம் அவனுக்கு எதையும் கொடுக்க முடியவில்லை.

அவனை முன்பு பார்த்துக்கொண்ட அங்கன்வாடி ஊழியர் அந்த வீட்டுக்குப் போனார். வீட்டில் மூன்று மாதக் கைக்குழந்தை, தகப்பன் வெளியூரில், தாய் சுளகோடு உட்கார்ந்திருக்கிறாள். தம்பி பிறந்ததும் மூத்தது ஏங்கிப்போவதை நம் ஊரில் "ஏக்கம் தட்டிருச்சு" என்போம். அந்த ஊழியர் அறிவுரை ஏதும் சொல்லவில்லையாம். தாய் சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டு, சுளகைத் தம் மடிக்கு வாங்கிக்கொண்டு, "நீ அவனைக் கொஞ்ச நேரம் மடியில வையி, நான் இலை வெட்டுதேன்" என்றாராம். அடுத்தடுத்த வாரங்களிலும் போனார். தம்பி மேல் கோபமாக இருக்கிறதா என்று பிள்ளையிடம் கேட்கத் தாய் பழகினாள். அவனும் ஆமாம் என்று வாயால் சொல்லப் பழகினான். கடிப்பது ஒரே நாளில் நிற்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

மறுபடி அவன் வகுப்புக்கு வந்த அன்று அவனைக் கொண்டுவந்து விட்டவள் தாய்தான். வாசலில் நின்று என்னிடம் பேசத் தயங்கினாள். இந்த முறை நான்தான் எழுந்து வாசலுக்குப் போனேன்.