கரைக்கும் கடலுக்கும் நடுவுல விட்டுப்போற நூறு மீட்டர்: தூண்டில் வளைவுக்கான கடல் சர்வே

வணக்கம் மக்களே. திருவொற்றியூர் தாண்டி, எர்ணாவூர் பக்கம், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டோரமா நின்னு பேசுறேன். காத்துச் சத்தம் கொஞ்சம் கேக்கும், பொறுத்துக்கோங்க. எனக்குப் பின்னாடி கடலுக்குள்ள நீண்டு போற கல் வரிசை தெரியுதா, அதுதான் தூண்டில் வளைவு. இதைப் போடுறதுக்கு முன்னாடியும், போட்ட பிறகும், கடலுக்கு அடியில தரை எந்த மட்டத்துல இருக்குன்னு எப்படி அளக்குறாங்க, அதுல எங்கே கோளாறு வருதுன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

பின்னணியை ரெண்டு வரியில சொல்லிடறேன். மார்ச்சுல இருந்து அக்டோபர் வரைக்கும் அலை மணலைத் தெற்கே இருந்து வடக்கே தள்ளும். வாடைக்காத்து அடிக்கிற நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் திரும்பத் தெற்கே தள்ளும். கூட்டிக் கழிச்சா வடக்கே போறதுதான் அதிகம். 1870-கள்ல சென்னைத் துறைமுகத்தைக் கட்ட ஆரம்பிச்சு, சுவர் எழும்பினதும் அந்த மணல் தெற்குப் பக்கமே தங்கிடுச்சு. மெரினா அகலமாச்சு, ராயபுரத்துல இருந்து வடக்கே கரை அரிச்சுக்கிட்டே போச்சு. அதைத் தடுக்கத்தான் இந்தக் கல்லெல்லாம்.

இப்போ விஷயத்துக்கு வரேன். இந்த மாதிரி வேலையில நமக்கு ரொம்பத் தேவையான இடம், கரையில இருந்து அலை உடையுற இடம் வரைக்கும் இருக்கிற அம்பது, நூறு மீட்டர். மணல் திட்டு உருவாகுறது அங்கே. கல்லுக்கு அடியில குழி பறிக்கிறதும் அங்கே. ஆனா தரை சர்வே பண்றவங்க தண்ணி ஓரத்துல நின்னுடுவாங்க, படகுல வர்றவங்க அலை உடையுறதுக்கு முன்னாடியே திருப்பிடுவாங்க. நடுவுல சாஃப்ட்வேர் ஒரு நேர்கோடு போட்டு இழுத்துடும். வரைபடம் பார்க்க அழகா இருக்கும். அந்தக் கோட்டை நம்பித்தான் கல்லுக்கு டன் கணக்கு போடுவாங்க, அங்கேதான் சிக்கல்.

இந்த இடைவெளியை அடைக்க முடியும். அதுக்கு முன்னாடி சுழியம் எதுன்னு முடிவு பண்ணணும். ரோடு, கட்டடம் போடுறவங்க சராசரி கடல் மட்டத்துல இருந்து உயரம் சொல்லுவாங்க. கடல் வரைபடத்துல ஆழம் சொல்றது சார்ட் டேட்டத்துல இருந்து. அது ஏறக்குறைய வத்தத்தோட, அதாவது கடல் தண்ணி இறங்கி நிக்கிற நேரத்தோட, அடிமட்டம். சென்னையில இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் அரை மீட்டருக்கு மேல. ரெண்டையும் அப்படியே ஒட்டினா தண்ணி ஓரத்துல ஒரு பொய்யான படிக்கட்டு வரும். ரெண்டு தூண்டில் வளைவுக்கு நடுவுல 500 மீட்டர் நீளம், 200 மீட்டர் அகலம்னு வைங்க. 60 சென்டிமீட்டர் தப்புன்னா 60,000 கனமீட்டர் மணல் கணக்குல மாறிடுது. 10 கனமீட்டர் டிப்பர்ல 6,000 லோடு.

டிஜிபிஎஸ், அதாவது திருத்தம் சேர்த்த துல்லியமான ஜிபிஎஸ் வெச்சு நேரா உயரம் எடுத்துடலாமேன்னு கேப்பீங்க. சென்னைக் கடற்கரையில நின்னு அந்தக் கருவியில நீள்வட்ட உயரத்தை, அதாவது பூமிக்குப் பதிலா வெச்சுக்கிற கணித வடிவத்துல இருந்து அளந்த உயரத்தைப் பாருங்க, மைனஸ் 90 மீட்டர் வாக்குல காட்டும். கருவி கெட்டுப்போகல. இந்தப் பக்கம் கடல் மட்டமே அந்தக் கணித நீள்வட்டத்துக்கு அவ்வளவு கீழே இருக்கு. அதைச் சரிபண்ண, அந்த வித்தியாசத்தைச் சொல்ற உலக மாதிரி ஒண்ணைப் போட்டாலும் மிச்சப் பிழை இருக்கும். அதனால சர்வே ஆஃப் இந்தியா பென்ச் மார்க்ல இருந்து, அதாவது உயரம் தெரிஞ்ச நிலையான அடையாளத்துல இருந்து, லெவல் எடுத்துட்டு வந்து, வேலை நடக்குற நீளத்துல குறைஞ்சது மூணு புள்ளியில ஆர்டிகே, அதாவது சென்டிமீட்டர் துல்லியத்துல உடனுக்குடன் திருத்துற ஜிபிஎஸ், காட்டுற உயரத்தை ஒத்துப் பாக்கணும். நம்ம தற்காலிக பென்ச் மார்க்கைத் தூண்டில் வளைவுக் கல்லு மேல பெயின்ட் அடிச்சு வெக்காதீங்க, கல் அமுங்கும். ரோட்டுப் பாலத்துச் சுவர், பழைய கட்டடத்து அடித்தளம் மாதிரி அசையாத இடத்துல வைங்க.

அடுத்தது ஓதம், அதாவது கடலோட ஏத்தமும் வத்தமும். அட்டவணையில போட்டிருக்கிறது கணிப்பு மட்டும்தான். காத்தழுத்தம் 1 மில்லிபார் குறைஞ்சா தண்ணி ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் ஏறும், கரைக்கு அடிக்கிற காத்து இன்னும் கொஞ்சம் ஏத்தும். அதனால சர்வே நடக்குற நேரம் முழுக்க ஒரு அளவுகோல் தண்ணியில நிக்கணும், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரீடிங், அந்தக் கோலோட சுழியம் பென்ச் மார்க்கோட லெவல் பண்ணியிருக்கணும். காசிமேடு மாதிரி அலை அடங்கின இடம் கோலுக்கு நல்லது. ஆனா எண்ணூர் முகத்துவாரத்துக்கு உள்ளே, கொசஸ்தலையாறு பக்கம் சர்வே பண்றீங்கன்னா வெளிக்கடல் கோலோட ரீடிங் செல்லாது. வாய்க்கால் மணல் அடைச்சிருக்கும்போது உள்ளே ஏத்தம் தாமதமா வரும், உயரமும் குறைவா இருக்கும். உள்ளே தனியா ஒரு கோல் நட்டே ஆகணும்.

இப்போ எக்கோ சவுண்டர். ஒலி கீழே போய்த் திரும்பி வர்ற நேரத்தைத்தான் அது அளக்குது. அதை ஆழமா மாத்த ஒலியோட வேகம் வேணும். பல கருவியில விநாடிக்கு 1,500 மீட்டர்னு போட்டே வரும். நம்ம கடல்ல 28 டிகிரி சூட்டுல, உப்பு கிலோவுக்கு 34 கிராம்ங்கிற அளவுல, வேகம் 1,540 பக்கம். மாத்தாம விட்டா 10 மீட்டர் ஆழத்தை 9.74-னு காட்டும். 26 சென்டிமீட்டர் போச்சு. உப்பு அதுல ஒரு கிராம் குறைஞ்சா வேகம் 1 மீட்டருக்கு மேல குறையும், சூடு ஒரு டிகிரி ஏறினா 2 மீட்டருக்கு மேல ஏறும். மழைக்காலத்துல ஆத்துத் தண்ணி மேலாப்புல பரவும். அனல் மின் நிலையத்துச் சூடான தண்ணி வந்து கலக்குற இடமும் இந்தப் பக்கம் இருக்கு. அதனால காலையில ஒரு தடவை எடுத்த ஒலிவேகத்தை நாள் முழுக்க ஓட்டக்கூடாது. முகத்துவாரத்துக்குள்ள, வாயில, வெளிக்கடல்லன்னு தனித்தனியா எடுங்க.

பார் செக் கட்டாயம். அடையாளம் போட்ட ஸ்டீல் கயித்துல ஒரு தட்டைக் கட்டி, சென்சாருக்கு நேர் கீழே 2, 4, 6, 8 மீட்டர்னு இறக்கி, கருவி என்ன காட்டுதுன்னு எழுதணும். எல்லா ஆழத்துலயும் ஒரே 7 சென்டிமீட்டர் தப்புன்னா, சென்சார் தண்ணிக்குள்ள எவ்வளவு முங்கியிருக்குங்கிற அளவு தப்பு. ஆழம் கூடக் கூடத் தப்பும் கூடுதுன்னா ஒலிவேகம் தப்பு. நிறைய பேர் ரெண்டையும் ஒரே நம்பரைத் திருகி ஒத்துப்போக வெச்சுடறாங்க. 4 மீட்டர்ல சரியா வரும், 9 மீட்டர்ல தூக்கிப் போடும். தண்ணி ஓட்டம் இருந்தா கயிறு சாயும், ரீடிங்கே பொய். அமைதியான இடத்துல பண்ணுங்க. காலையிலயும் பண்ணணும், வேலை முடிஞ்சதும் பண்ணணும், ஏன்னா டீசல் குறையக் குறைய படகு மேலே வந்துடும்.

ஃபைபர் படகுல சென்சாரை நடுப்பகுதியில, பக்கவாட்டுல ஒரு குழாயில மாட்டுவாங்க. இன்ஜின் பக்கம் வேண்டாம், புரொப்பல்லர் நுரை ஒலியை மறைச்சுடும். குழாயை முன்னாடியும் பின்னாடியும் கயிறு போட்டு இழுத்துக் கட்டணும், இல்லன்னா ஓட்டத்துல பின்னாடி சாஞ்சு நிக்கும். அதே குழாயோட உச்சியில ஜிபிஎஸ் ஆன்டெனாவை வெச்சுட்டா கிடைமட்ட இடைவெளிப் பிரச்சினை தீர்ந்தது.

இன்னொண்ணு மிச்சம் இருக்கு: நேரத் தாமதம். ஜிபிஎஸ் நேரமும் எக்கோ நேரமும் அரை விநாடி பிசகினா, 4 நாட் வேகத்துல, அதாவது விநாடிக்கு 2 மீட்டர், ஆழம் 1 மீட்டர் தள்ளிப் பதிவாகும். சாதாரண மணல் சரிவு 1:30-ல அது 3 சென்டிமீட்டர் தப்புதான், கண்ணுக்கே தெரியாது. தூண்டில் வளைவோட கல் சரிவு 1:2-னு வைங்க, அதே தப்பு அரை மீட்டர். கல் அமுங்கிடுச்சுன்னு தப்பா ரிப்போர்ட் போகும். ஒரே சரிவு மேல போகவும் வரவும் ஓட்டிப் பாத்தா ரெண்டு கோடும் விலகி நிக்கும். விலகலைப் பாதியாக்கி வேகத்தால வகுத்தா தாமதம் கிடைச்சுடும்.

படகு அளந்துட்டே ஓடுற லைன் எல்லாம் கரைக்குச் செங்குத்தா, அதாவது ஏறக்குறைய கிழக்கு மேற்கா. திறந்த கரையில 50 மீட்டருக்கு ஒண்ணு போதும், வளைவுகளுக்கு நடுவுல 25, கல்லை ஒட்டி 10. கரைக்கு இணையா சில குறுக்கு லைன் ஓட்டாம வராதீங்க, வெட்டுற இடத்துல ரெண்டு ஆழமும் ஒத்துப்போகுதான்னு பாக்க அது ஒண்ணுதான் வழி. ஐஎச்ஓங்கிற சர்வதேச நீர்வரைவு அமைப்போட எஸ்-44 சர்வே தரத்துல, ஸ்பெஷல் ஆர்டர்ங்கிற வகையில, 10 மீட்டர் ஆழத்துக்கு அனுமதிக்கிற செங்குத்துப் பிழை சுமார் 26 சென்டிமீட்டர். கன அளவு கணக்குப் போடுற வேலைக்கு அது தாராளம், அதைவிட இறுக்கமா ஒப்பந்தத்துல எழுதுறது நல்லது.

எக்கோ சவுண்டர் வரையுற ஆழக் கோட்டுல ஒரே சீரா மேடு பள்ளம் வந்தா உடனே மணல் அலைன்னு எழுதிடாதீங்க. படகு கடலைப் பாத்துப் போகும்போது மேடுகள் 15 மீட்டருக்கு ஒண்ணா நெருக்கமா, கரையைப் பாத்து வரும்போது 25, 30 மீட்டருக்கு ஒண்ணா அகலமா இருந்தா, அது படகு அலையில ஏறி இறங்கினது. மணல்னா எந்தப் பக்கம் ஓட்டினாலும் அதே இடத்துல நிக்கும். படகு ஏறி இறங்குறதை அளக்குற ஹீவ் சென்சார் இல்லாம இந்தக் கரையில நெருங்கி வேலை செய்யாதீங்க.

சரி, அந்த நூறு மீட்டருக்கு வருவோம். அமாவாசை, பௌர்ணமி ஒட்டின நாள்ல சென்னையில ஏத்த வத்த வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மீட்டர். மத்த நாள்ல பாதி கூட இருக்காது. பெரிய ஏத்தத்துல தண்ணி டேட்டத்துக்கு மேல 1.1 மீட்டர் நிக்கும். படகு ஓட 1.5 மீட்டர் தண்ணி வேணும்னா, தரை மைனஸ் 0.4 வரைக்கும் உள்ளே வரலாம். அதே நாள் வத்தத்துல தண்ணி 0.1-ல நிக்கும். ஆர்டிகே கோல் பிடிச்சு ஆள் 1.2 மீட்டர் ஆழம் வரைக்கும் நடந்தா, தரை மைனஸ் 1.1 வரைக்கும் கிடைக்கும். ரெண்டுக்கும் நடுவுல 70 சென்டிமீட்டர் மேலடுக்கு. ஒரே இடத்தை ரெண்டு முறையில அளந்த மாதிரி ஆச்சு. அங்கே 10 சென்டிமீட்டருக்குள்ள ஒத்துப்போச்சுன்னா உங்க சுழியம், ஓதம், ஒலிவேகம் எல்லாம் சரின்னு நம்பலாம். மத்த நாள்ல பண்ணினா இந்த மேலடுக்கே கிடைக்காது.

நேரமும் தோதாத்தான் அமையும். அந்த நாட்கள்ல ஏத்தம் காலையில எட்டு, ஒன்பது வாக்குல, வத்தம் மதியம் ரெண்டு, மூணு வாக்குல. காலையில கடல்காத்து எழும்புறதுக்கு முன்னாடி படகு முடிச்சுடணும். மதியம் கரை ஆளுங்க இறங்கலாம். பிப்ரவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் கடல் ஓரளவு அடங்கியிருக்கும், அதுதான் காலம். கோல் பிடிக்கிற ஆளுக்கு லைஃப் ஜாக்கெட், இடுப்புல கயிறு, கரையில பிடிக்க ஒருத்தர், இதுல சமரசமே வேண்டாம். தூண்டில் வளைவை ஒட்டி வெளியே இழுக்குற ஓட்டமும் திடீர்ப் பள்ளமும் இருக்கும், நீச்சல் தெரிஞ்சவங்களையும் இழுத்துடும். கோலுக்கு அடியில தட்டை வட்டு மாட்டுங்க, இல்லன்னா கூர் முனை மணல்ல இறங்கிடும்.

முந்தின நாளே அந்தந்தக் குப்பத்து ஊர்ப் பஞ்சாயத்துல சொல்லிடுங்க. வலை எங்கே போட்டிருக்கு, கல் எங்கே மூழ்கிக் கிடக்குன்னு அவங்களுக்குத் தெரியும். படகையும் அந்த ஊர்லயே எடுங்க. வலையை அறுத்துட்டு நஷ்டஈடு பேசுறதைவிட லைனைத் தள்ளிப் போடுறது நியாயம்.

முகத்துவாரத்துக்குள்ள சாம்பல் கலந்த இளக்கமான சேறு இருக்கு. எக்கோ சவுண்டரோட 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி சேத்து மேலயே திரும்பிடும், 33 கிலோஹெர்ட்ஸ் உள்ளே இறங்கி அடியில கெட்டியானதைக் காட்டும். தூர்வாருற காசு எந்தக் கோட்டுக்குன்னு வேலைக்கு முன்னாடியே எழுதி வாங்குங்க, ரெண்டையும் பதிவு பண்ணுங்க, சில இடத்துல தட்டு கட்டின கயித்தைக் கையால இறக்கிச் சரிபாருங்க.

கன அளவு போடும்போது ரெண்டு கவனம். முக்கோண வலை போடுற சாஃப்ட்வேர் தூண்டில் வளைவுக்குக் குறுக்கே கோடு இழுத்து, கல்லையே மணல்னு எண்ணிடும். கல்லோட விளிம்பை பிரேக்லைனா, அதாவது முக்கோணம் தாண்டக்கூடாத கோடா, கொடுக்கணும். அப்புறம், ஒப்பிடுற ரெண்டு சர்வேயும், வருஷம் வேறயா இருந்தாலும், ஒரே மாசத்துல எடுத்ததா இருக்கணும். மார்ச்சையும் டிசம்பரையும் ஒப்பிட்டா பருவத்துல மணல் திட்டு இடம் மாறினது, கரை அரிப்புன்னு கணக்குல ஏறிடும்.

டேட்டா வாங்கும்போது வெறும் எக்ஸ்-ஒய்-இசட் ஃபைலோட விட்டுடாதீங்க. கருவியில இருந்து வந்த மூல ஃபைல், ஒலிவேக ஃபைல், பார் செக் தாள், ஓத ரீடிங், பென்ச் மார்க் இருக்கிற இடத்தோட போட்டோ, இவ்வளவும் வேணும். கப்பல் போக்குவரத்துக்குப் புள்ளிகளைக் குறைக்கும்போது ஒவ்வொரு கட்டத்துலயும் மேடானதை மட்டும் வெச்சுப்பாங்க. கப்பலுக்கு அது பாதுகாப்பு, நமக்கு அதுவே தொல்லை. அந்த ஃபைலை வெச்சு மணல் கணக்கு போட்டா, இல்லாத மணல் இருக்கிற மாதிரி வரும். சராசரி எடுத்த கட்ட ஃபைலைத் தனியா கேட்டு வாங்குங்க.