சாவி வாங்கும் நாளில் எழுதிக் கொடுக்கும் கடிதம்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு பக்கம் மாதத் தவணையும் மறுபக்கம் வாடகையும் கட்டிக்கொண்டு, வாங்கிய அடுக்குமாடி வீடு எப்போது கைக்கு வரும் என்று காத்திருக்கும் குடும்பங்களுக்காக இன்று பேசுகிறேன்.

என் தங்கை சென்னையின் புறநகரில் 1,000 சதுர அடியில் ஒரு வீடு வாங்கினாள். சுவர் எழும்பியதுமே அளவுநாடாவோடு போய் ஜன்னல்களை அளந்து, திரைச்சீலைக்குத் துணியும் எடுத்துவிட்டாள். அந்தத் துணி மூன்று ஆண்டுகள் பெட்டியிலேயே கிடந்து, மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெளுத்துப் போயிற்று. அவளுடைய கட்டுமான ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். அவள் தவணை தாமதித்தால் ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி. கட்டுநர் தாமதித்தால் சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய், அதாவது மாதம் 5,000 ரூபாய். அவள் கொடுத்த வாடகையில் அது பாதிகூட இல்லை.

இந்த ஏற்றத்தாழ்வைத்தான் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், நாம் ரெரா என்று சொல்லும் சட்டம், நேர்செய்கிறது. வாங்குபவருக்கு எந்த வட்டியோ கட்டுநருக்கும் அதே வட்டி. வீட்டை ஒப்படைக்கும் நாள்வரை, தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் கட்டுநர் அதைத் தர வேண்டும் என்கிறது 18ஆவது பிரிவு. தமிழ்நாட்டு விதிகளின்படி, பாரத ஸ்டேட் வங்கி தனக்கு நிதி திரட்ட ஆகும் செலவை வைத்து நிர்ணயிக்கும் கடன் வட்டியில் (எம்.சி.எல்.ஆர்.) உச்சமானதோடு 2 விழுக்காடு சேர்த்தது அந்த விகிதம். நீங்கள் 60 லட்சம் கட்டியிருந்து, வட்டி 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் மாதம் 50,000 ரூபாய் வருகிறது. 5,000 எங்கே, 50,000 எங்கே!

ஆனால் இந்தத் தொகை பல குடும்பங்களின் கையை விட்டுப் போவது சாவி வாங்கும் நாளில்தான். என் தங்கைக்குக் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று, உறவினர்களுக்குச் சொல்லியாயிற்று. கட்டுநரின் அலுவலகத்தில் சாவியைத் தருவதற்கு முன்பு, "தாமதம் குறித்து எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று தட்டச்சு செய்த தாளை நீட்டினார்கள். அவள் கையெழுத்திட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்த யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

வீட்டைப் பெற்றுக்கொண்ட பிறகும் இழப்பீடு கேட்க முடியுமா என்ற கேள்வி, பெங்களூரில் வீடு வாங்கிய 339 பேர் தொடுத்த வழக்கில், 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. வீட்டைப் பெற்றுக்கொண்டதாலோ கிரயம் செய்துகொண்டதாலோ தாமதத்துக்கான இழப்பீட்டு உரிமை போய்விடாது என்று தீர்ப்பளித்த நீதிமன்றம், அந்த ஒப்பந்தத்திலும் இருந்த சதுர அடிக்கு 5 ரூபாய்க்கு மேலாக, கட்டிய தொகைக்கு ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டியும் தரச் சொன்னது. ஆனால் கவனியுங்கள்: கட்டுநரோடு சமரசம் செய்துகொண்டு தனியாக உடன்பாட்டுப் பத்திரம் எழுதிக் கொடுத்த சிலருக்கு அந்தப் பயன் கிடைக்கவில்லை. சாவியை வாங்கலாம், கிரயமும் செய்துகொள்ளலாம். கோரிக்கை இல்லை என்று மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டாம். திரும்பவும் சொல்கிறேன், எழுதிக் கொடுக்க வேண்டாம்.

நேரம் நெருங்கிவிட்டதால் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒப்பந்தத் தேதியில் கட்டுநர் வீட்டைத் தராமல், மேலும் காத்திருக்க உங்களுக்கு விருப்பமில்லை என்றால், கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்பது நிபந்தனையற்ற உரிமை என்று 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். கட்டுநர் கேட்கவும் கூடாது. நம் ஊரில் பிரிபடாத பாக நிலத்துக்கு, அதாவது மனையில் உங்களுக்குரிய பங்குக்கு, ஒரு கிரயப் பத்திரமும், வீட்டுக்குக் கட்டுமான ஒப்பந்தமும் தனித்தனியாக எழுதும் வழக்கம் நெடுநாள் இருந்தது. எப்படி எழுதினாலும், ஒப்படைக்கும் தேதி உள்ள ஒப்பந்தத்தில் மாதமும் ஆண்டும் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். வணக்கம்.